யூரின் குறைந்தால் கிட்னி போய்விட்டதா? ரத்த அளவு குறைவும் ஷாக்கும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஐசியூ வாசலில் நிற்பவர்களிடம் “யூரின் சரியாகப் போகவில்லை” என்று சொன்னால் அடுத்த நொடியே வரும் கேள்வி, “அப்போ கிட்னி போயிடுச்சா?” என்பதுதான். பெரும்பாலான நேரங்களில் பதில்: இன்னும் இல்லை. விபத்து, பிரசவத்தில் ரத்தப்போக்கு, வயிற்றுப்போக்கு, டெங்கு என எந்த வழியில் ரத்த அளவு குறைந்தாலும் சிறுநீரகம் முதலில் யூரினைக் குறைக்கும். அது பழுது அல்ல, அதன் வேலை. அந்த நிலையை எத்தனை மணி நேரம் நீடிக்க விடுகிறோம் என்பதில்தான் ஆபத்து இருக்கிறது.

ஷாக் என்றால் என்ன? பயந்துபோவதா, கரண்ட் அடிப்பதா?

இரண்டும் இல்லை. உடம்பின் திசுக்களுக்குப் போதுமான ரத்தமும் ஆக்சிஜனும் போய்ச் சேராத நிலையைத்தான் டாக்டர்கள் ஷாக் என்கிறார்கள். ரத்தமோ நீரோ வெளியேறி வரலாம். இதயம் பலவீனமாகி வரலாம். கிருமித் தொற்றிலும் கடுமையான அலர்ஜியிலும் ரத்தக் குழாய்கள் தளர்ந்து விரிவதாலும் வரலாம். இங்கே பேசுவது பெரும்பாலும் முதல் வகையைப் பற்றி.

பிரஷர் 110 இருக்கிறதே, அப்புறம் ஏன் டாக்டர் முகம் சுளிக்கிறார்?

பிரஷர் கடைசியில்தான் விழும். 60 கிலோ எடையுள்ள ஒருவரின் உடம்பில் சுமார் 4.2 லிட்டர் ரத்தம் இருக்கும். அதில் 15 சதவீதம், அதாவது சுமார் 630 மி.லி. போனால் வெளியே பெரிதாக எதுவும் தெரியாது. 30 சதவீதம் வரை போனாலும் மேல் பிரஷர் ஏறக்குறைய அப்படியே நிற்கக்கூடும். ஆனால் நாடித்துடிப்பு 100-ஐத் தாண்டும், கை கால் சில்லிடும், மேல் பிரஷருக்கும் கீழ் பிரஷருக்கும் உள்ள இடைவெளி சுருங்கும், யூரின் மணிக்கு 20 முதல் 30 மி.லி. என்று இறங்கும். 30 முதல் 40 சதவீதம் போனால் மணிக்கு 5 முதல் 15 மி.லி.தான் வரும். அதற்கும் மேல் என்றால் பையில் அநேகமாக எதுவும் விழாது.

இளவயதுக்காரர்களும் கர்ப்பிணிகளும் பிரஷரை ரொம்ப நேரம் பிடித்து வைத்திருப்பார்கள். பிறகு ஒரேயடியாகச் சரிவார்கள். அதனால் “பிரஷர் நார்மல்” என்ற ஒரு வரியை மட்டும் நம்பி நிம்மதியாக இருக்க முடியாது.

ரத்தம் குறைந்தது சிறுநீரகத்துக்கு எப்படித் தெரிகிறது?

இரண்டு சிறுநீரகமும் சேர்ந்து 300 கிராம்தான் இருக்கும். ஆனால் இதயம் வெளியே தள்ளும் ரத்தத்தில் ஐந்தில் ஒரு பங்குக்குக் குறையாமல் அங்கேதான் போகிறது. நிமிடத்துக்கு ஒரு லிட்டருக்கும் மேல். இவ்வளவு ஓட்டம் இருக்கும் இடத்தில் சின்னக் குறைவும் உடனே உறைக்கும்.

ஒவ்வொரு சிறுநீரகத்திலும் நெஃப்ரான் என்ற நுண் வடிகட்டிகள் சுமார் 10 லட்சம் உண்டு. ஒரே ஒரு நெஃப்ரானைக் கிட்டே போய்ப் பார்ப்போம். ரத்தம் உள்ளே வரும் நுண்குழாயின் சுவரில் சில செல்கள் உட்கார்ந்திருக்கின்றன. சுவர் எவ்வளவு இழுபடுகிறது என்பதை அவை உணர்கின்றன. பிரஷர் குறைந்தால் இழுவை தளரும். வடிகட்டிய நீரைக் கொண்டுபோகும் குழல் கீழே இறங்கி, வளைந்து மேலே ஏறி, அதே இடத்துக்குத் திரும்பி வந்து அந்த நுண்குழாயை ஒட்டிக்கொண்டு போகிறது. ஒட்டும் இடத்தில் இருக்கும் மாக்குலா டென்சா என்ற செல்கூட்டம், வரும் நீரில் உப்பு எவ்வளவு என்று பார்க்கிறது. வடிகட்டல் குறைந்தால் அங்கே வந்து சேரும் உப்பும் குறையும். மூன்றாவதாக, கழுத்துத் தமனியிலும் இதயத்தருகிலும் உள்ள பிரஷர் உணரிகள் மூளைக்குச் சொல்ல, அங்கிருந்து நரம்பு வழியாகவும் தகவல் வருகிறது. இந்த மூன்றில் எது வந்தாலும் சுவரிலிருக்கும் அந்தச் செல்கள் ரெனின் என்ற நொதியை வெளியே விடும்.

ரெனினை 1898-ல் ஸ்டாக்ஹோமில் ராபர்ட் டிகர்ஸ்டெட்டும் பெர் பெர்க்மனும் கண்டுபிடித்தார்கள். முயலின் சிறுநீரகத்தை அரைத்து எடுத்த சாற்றை இன்னொரு முயலுக்குச் செலுத்தியபோது அதன் பிரஷர் ஏறியது. அப்போது இதைப் பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை. இன்று நம் ஊர் மருந்துக் கடைகளில் அதிகம் விற்கும் பிரஷர் மாத்திரைகளில் பாதி இந்தக் கதையிலிருந்து வந்தவை என்றால் மிகையில்லை.

ரெனின் வந்த பிறகு என்ன நடக்கும்?

கல்லீரல் தயாரித்து ரத்தத்தில் விட்டிருக்கும் ஆஞ்சியோடென்சினோஜென் என்ற புரதத்தை ரெனின் வெட்டும். வெட்டிய துண்டு, முக்கியமாக நுரையீரலின் ரத்தக் குழாய்களில், ஆஞ்சியோடென்சின்-2 ஆக மாறும். ரத்தக் குழாய்களை இறுக்கிப் பிரஷரைத் தாங்கிப் பிடிப்பதும், தாகத்தைக் கிளப்புவதும், அட்ரீனல் சுரப்பியிலிருந்து அல்டோஸ்டிரோனை வரவழைப்பதும் இதுதான். அல்டோஸ்டிரோன் உப்பை உடம்பிலேயே நிறுத்தும். உப்பு நிற்கும் இடத்தில் தண்ணீரும் நிற்கும். ஆஞ்சியோடென்சின் சில நிமிடங்களிலேயே வேலையைக் காட்டிவிடும். அல்டோஸ்டிரோனின் முழுப் பலன் தெரியச் சில மணி நேரம் ஆகும்.

யூரின் ஏன் அடர் மஞ்சளாக, கொஞ்சமாக வருகிறது?

மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரியிலிருந்து வரும் வாசோபிரசின் காரணம். இது சிறுநீரகத்தின் கடைசிக் குழல்களில் அக்வாபோரின் என்ற நீர்வழிகளைத் திறந்துவிடும். தண்ணீர் அவற்றின் வழியாக ரத்தத்துக்குத் திரும்பிவிடும், கழிவு மட்டும் கொஞ்ச நீரில் கெட்டியாக வெளியேறும். (இந்த நீர்வழிகளைக் கண்டுபிடித்ததற்காகப் பீட்டர் அக்ரேவுக்கு 2003-ல் நோபல் பரிசு கிடைத்தது.)

வாசோபிரசின் சாதாரணமாக ரத்தத்தின் உப்படர்த்தியைப் பார்த்துத்தான் ஏறி இறங்கும். ஒன்றிரண்டு சதவீத மாற்றமே அதற்குப் போதும். ஆனால் ரத்த அளவு 10 சதவீதம் போலக் குறைந்துவிட்டால் உப்படர்த்தியை மதிக்காமல் எகிறும். அளவைக் காப்பாற்ற அடர்த்தியை விட்டுக்கொடுப்பது உடம்பின் முடிவு. வயிற்றுப்போக்கில் வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டிருப்பவருக்குச் சோடியம் இறங்கி மயக்கம், குழப்பம் வருவது இதனால்தான். குடித்த தண்ணீர் வெளியே போகாது, போன உப்பும் திரும்பி வந்திருக்காது.

குறைந்தது எவ்வளவு யூரின் வர வேண்டும்?

நாள் ஒன்றுக்குச் சேரும் கழிவை, மனிதச் சிறுநீரகம் எட்டக்கூடிய அதிகபட்ச அடர்த்தியில் வெளியேற்ற அரை லிட்டர் தேவை. 400 மி.லி.க்குக் கீழே போனால் கழிவு தேங்குகிறது என்று அர்த்தம். வார்டில் கணக்கு மணிக்கணக்கில் போகும்: எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் மணிக்கு அரை மி.லி. 60 கிலோ என்றால் மணிக்கு 30 மி.லி. அதற்குக் கீழே 6 மணி நேரம் நின்றாலே, ரத்தத்தில் கிரியேட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய ஒரு கழிவு) ஏறாவிட்டாலும், சிறுநீரகப் பாதிப்பின் முதல் நிலை என்று 2012-ல் வந்த சர்வதேச வரையறை சொல்கிறது.

யூரினைக் குறைப்பது நல்லது என்கிறீர்கள். எப்படி நல்லது?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைப் படிக்கத்தான் நேரம் என்றால் இதைப் படியுங்கள்.

சிறுநீரகம் நிமிடத்துக்குச் சுமார் 125 மி.லி. நீரை வடிகட்டுகிறது. ஒரு நாளைக்கு 180 லிட்டர். அதோடு வடியும் உப்பு மட்டும் ஒன்றரைக் கிலோ வரும். இதில் 99 சதவீதத்துக்கு மேல் குழல்கள் திரும்ப இழுத்துக்கொள்வதால்தான் நாம் ஒன்றரை லிட்டர் யூரினோடு தப்பிக்கிறோம். இந்த இழுக்கும் வேலைக்குத்தான் சிறுநீரகத்தின் ஆக்சிஜனில் பெரும்பகுதி செலவாகிறது.

இப்போது ரத்தம் குறைந்து, ஆக்சிஜன் போதாமல், குழல்கள் சோர்ந்துவிட்டன என்று வையுங்கள். வடிகட்டல் மட்டும் பழையபடி நடந்தால் என்ன ஆகும்? உடம்பில் மொத்தம் உள்ள பிளாஸ்மா, அதாவது ரத்தத்தின் நீர்ப்பகுதி, ஏறக்குறைய 3 லிட்டர். 125 மி.லி. வீதம் போனால் அரை மணி நேரத்துக்குள் அத்தனையும் யூரினாகப் போயிருக்கும். அதனால்தான் ஏரியில் தண்ணீர் இறங்கியதும் மதகை இறக்குவது போலச் சிறுநீரகம் வடிகட்டலை அடைக்கிறது. ரத்தமும் மிச்சம், குழல்களின் ஆக்சிஜன் செலவும் மிச்சம். 1976-லேயே தூராவ், பாய்லான் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இதைத் தோல்வி என்று சொல்லாதீர்கள், சிறுநீரகத்தின் வெற்றி என்று சொல்லுங்கள் என வாதிட்டார்கள். எல்லா நோயாளிக்கும் அது பொருந்தாது. ஆனால் முதல் சில மணி நேரங்களுக்கு அதைவிடச் சரியான விளக்கத்தை நான் பார்த்ததில்லை.

அப்படியானால் சேதம் எப்போது தொடங்குகிறது?

சராசரிப் பிரஷர் (மேல், கீழ் பிரஷர் இரண்டையும் வைத்துக் கணக்கிடுவது) 80 மி.மீ. வரை இறங்கினாலும் ரத்த ஓட்டத்தைச் சிறுநீரகம் சமாளித்துக்கொள்ளும். உள்ளே வரும் நுண்குழாயைப் புரோஸ்டகிளாண்டின் என்ற பொருளால் விரித்து வைக்கும். வெளியே போகும் நுண்குழாயை ஆஞ்சியோடென்சினால் இறுக்கும். நடுவில் வடிகட்டும் அழுத்தம் குறையாமல் நிற்கும். அதற்கும் கீழே பிரஷர் போனால் இந்தச் சாமர்த்தியம் எடுபடாது. நரம்புகளும் அட்ரினலினும் உள்ளே வரும் வழியையே இறுக்கி, அந்த ரத்தத்தை மூளைக்கும் இதயத்துக்கும் திருப்பிவிடும்.

சிறுநீரகத்தின் உட்பகுதி எப்போதுமே ஆக்சிஜன் பஞ்சத்தில் வாழும் இடம். வெளிப்பகுதியில் ஆக்சிஜன் அழுத்தம் 50 மி.மீ. அளவில் இருந்தால், உட்பகுதியில் 10 முதல் 20 வரைதான். உப்பை இழுக்கும் கடினமான வேலை நடப்பதோ அந்த எல்லையில். ஓட்டம் குறைந்து நேரம் ஓட ஓட, அங்குள்ள குழல் செல்கள் முதலில் வேலையை நிறுத்தும், பிறகு சுவரிலிருந்து உதிர்ந்து குழலையே அடைக்கும். அந்த யூரினை மைக்ரோஸ்கோப்பில் வைத்தால் சேறு கலந்தாற்போன்ற பழுப்பு நிற உருளைகள் தெரியும். அதுவரை இருந்தது பாதுகாப்பு, இது காயம்.

இத்தனை நிமிடம் தாங்கும் என்று ஒரு கோடு கிழிக்க முடியாது. ஏற்கெனவே சர்க்கரை நோய், வயது, சிறுநீரகக் கோளாறு இருந்தால் சீக்கிரம் வந்துவிடும்.

எந்தக் கட்டத்தில் இருக்கிறோம் என்று ரிப்போர்ட்டில் தெரியுமா?

ஓரளவு தெரியும். பாதுகாப்புக் கட்டத்தில் சிறுநீரகம் உப்பை இறுக்கிப் பிடித்திருக்கும். யூரினில் சோடியம் 20-க்குக் கீழே இருக்கும், வடிகட்டிய உப்பில் ஒரு சதவீதம்கூட வெளியே போகாது. குழல் காயப்பட்ட பிறகு பிடிக்கத் தெம்பு இருக்காது. சோடியம் 40-ஐத் தாண்டும்.

ரத்தத்தில் யூரியாவையும் கிரியேட்டினினையும் சேர்த்துப் பாருங்கள். நீர் குறைவில் யூரியா திரும்ப உறிஞ்சப்படுவதால் அதுதான் முன்னே ஓடும். யூரியா 90, கிரியேட்டினின் 1.8 என்றால் விகிதம் 50, நீர்க்குறைவின் பக்கம் சாய்கிறது. யூரியா 90, கிரியேட்டினின் 4.5 என்றால் விகிதம் 20, காயத்தின் பக்கம். இணையத்தில் “20-க்கு மேல்” என்று படித்துவிட்டுக் குழம்ப வேண்டாம். அது யூரியாவிலுள்ள நைட்ரஜனை மட்டும் அளக்கும் அமெரிக்கக் கணக்கு. நம் லேப் ரிப்போர்ட்டில் முழு யூரியா இருப்பதால் கோடு 40-க்கு அருகில். வயிற்றுக்குள் ரத்தம் கசிந்தாலும் யூரியா ஏறும், யூரினைக் கூட்டும் லாசிக்ஸ் மருந்து போட்டிருந்தால் சோடியம் கணக்கு பொய்யாகும். எண்களை வைத்து நீங்களே தீர்ப்பு எழுதிவிட வேண்டாம்.

அரை நாள் ஆகியும் கிரியேட்டினின் 1.1தான். தப்பித்தோமா?

சொல்ல முடியாது. வடிகட்டல் முழுக்க நின்றாலும் கிரியேட்டினின் ஒரு நாளில் 1 முதல் 1.5 வரைதான் ஏறும். ரிப்போர்ட் எப்போதும் நேற்றைய செய்தி.

அதனால்தான் மணிக்கு ஒரு தரம் யூரின் அளக்கிறார்களா?

ஆமாம். ஐசியூவில் யூரின் பைக்கு மேலே கோடு போட்ட சின்ன பிளாஸ்டிக் பெட்டி ஒன்று தொங்கும். சிஸ்டர் குனிந்து, கண்ணை அந்தக் கோட்டுக்கு நேராக வைத்துப் படித்து, சார்ட்டில் குறித்துவிட்டு, பெட்டியைச் சாய்த்துப் பைக்குள் வடித்துவிடுவார். அடுத்த மணிக்கு மறுபடி சுழியத்திலிருந்து. 45, 30, 18, 10 என்று எண்கள் இறங்கினால் பிரஷர் விழுவதற்கு முன்பே ஆபத்து தெரிந்துவிடும். திரும்ப 15, 28, 40 என்று ஏறினால் சிகிச்சை பிடிக்கிறது என்று அர்த்தம். லட்ச ரூபாய் மானிட்டரைவிட நான் நம்புவது இந்தச் சார்ட்டைத்தான். ஒன்று மட்டும்: திடீரென்று ஒரேயடியாகச் சுழியம் ஆனால் முதலில் டியூப் மடங்கியிருக்கிறதா, அடைத்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

லாசிக்ஸ் ஊசி போட்டால் யூரின் வந்துவிடுமே?

வரலாம். ஆனால் ரத்த அளவே குறைந்திருக்கும்போது போட்டால், உடம்பு கஷ்டப்பட்டுப் பிடித்து வைத்ததை நாமே வெளியே தள்ளுகிறோம். சார்ட் அழகாகத் தெரியும், ஆள் இன்னும் வறண்டுபோவார். உடம்பில் நீர் தேங்கி மூச்சு வாங்கும்போது அது தேவையான மருந்துதான். கெட்டுப்போன சிறுநீரகத்தை அது சரிசெய்யாது. ஒரு காலத்தில் குறைந்த அளவு டோபமைன் என்ற மருந்து சிறுநீரகத்தைக் காக்கும் என்று நம்பி ஊர் உலகமெல்லாம் ஓட்டினார்கள். 2000-ல் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஐசியூக்களில் நடந்த பெரிய ஆய்வு அதில் பலனில்லை என்று காட்டிவிட்டது.

தினமும் சாப்பிடும் மாத்திரைகளை என்ன செய்வது?

மேலே சொன்ன சாமர்த்தியத்தை நினைத்துப் பாருங்கள். டைக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன், அசிக்ளோஃபினாக் போன்ற வலி மாத்திரைகள் புரோஸ்டகிளாண்டினைத் தடுப்பதால் உள்ளே வரும் வழி விரியாது. எனலாபிரில், லோசார்டன், டெல்மிசார்டன் போன்ற பிரஷர் மாத்திரைகள் வெளியே போகும் வழியை இறுக விடாது. நீர் மாத்திரை இருக்கிற அளவையும் குறைக்கும். மூன்றும் ஒருவரிடம் இருந்து, அவருக்கு இரண்டு நாள் வயிற்றுப்போக்கும் வந்தால் சிறுநீரகத்துக்குப் பிடிக்க எதுவுமே இல்லை. மூட்டுவலியும் பிரஷரும் உள்ள வயதானவர்கள் வீட்டில் இது ரொம்பச் சாதாரணமான கூட்டணி.

வாந்தி, பேதி, காய்ச்சலில் சாப்பிட முடியாமல் போனால் அன்றே டாக்டரிடம் கேட்டு இவற்றில் எதை நிறுத்தி வைப்பது என்று தெரிந்துகொள்ளுங்கள். சர்க்கரை மாத்திரையான மெட்ஃபார்மினையும் சேர்த்துக் கேளுங்கள். காய்ச்சல் என்றதும் டைக்ளோ ஊசி கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்ளும் பழக்கத்தை மட்டும் யாரையும் கேட்காமலே நிறுத்தலாம்.

டெங்குவில் ரத்தமே வரவில்லை, பிறகு எப்படி ஷாக்?

ரத்தக் குழாய்ச் சுவர் கசிந்து பிளாஸ்மா வயிற்றுக்கும் நெஞ்சுக்கும் போய்விடும். வெளியே ஒரு சொட்டும் தெரியாது. காய்ச்சல் தொடங்கி 3 முதல் 7 நாளுக்குள், அதுவும் காய்ச்சல் விடும் நேரத்தில் இது நடக்கும். வீட்டில் எல்லோரும் “சரியாகிவிட்டது” என்று மூச்சு விடும் நாள் அது. பிளேட்லெட் எண்ணிக்கையையே எல்லோரும் கேட்கிறார்கள். ரத்தம் கெட்டிப்படுவதைக் காட்டும் ஹீமட்டோகிரிட் 20 சதவீதம் ஏறியதா, நாலைந்து மணி நேரமாக யூரின் போகாமல் இருக்கிறாரா என்பதைக் கேட்பவர்கள் குறைவு. கசிவு ஒன்றிரண்டு நாளில் நின்று, நீர் ரத்தத்துக்குத் திரும்பும். அப்போதும் டிரிப்ஸை ஓட்டிக்கொண்டிருந்தால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும்.

கண்ணாடி விரியன் கடித்தவருக்கு டயாலிசிஸ் வரை போகிறதே?

அந்த விஷம் பல பக்கமிருந்தும் அடிக்கிறது. ரத்தம் உறையாமல் கசியும், குழாய்ச் சுவர் கசிந்து பிரஷர் விழும், நுண்குழாய்களுக்குள் கட்டிகள் அடைக்கும், குழல் செல்களை விஷம் நேரடியாகவும் தாக்கும். சில சமயம் வெளிப்பகுதித் திசுவே செத்துவிடும். அது முழுதாகத் திரும்புவது அரிது. கட்டுப் போட்டு, வேப்பிலை அடித்து நேரத்தைக் கடத்தாமல் விஷமுறிவு மருந்து இருக்கும் அரசு மருத்துவமனைக்குப் போவதுதான் சிறுநீரகத்தையும் காக்கும்.

இடிபாட்டில் சிக்கியவர் நன்றாகப் பேசிக்கொண்டிருந்தார், பிறகு யூரின் நின்றதே?

1941-ல், லண்டன் மீது குண்டு விழுந்த நாட்களில், பைவாட்டர்ஸும் பீலும் இதைத்தான் பதிவு செய்தார்கள். இடிபாட்டிலிருந்து மீட்டவர்கள் முதலில் தேறியதாகத் தெரிந்தார்கள். பிறகு நசுங்கிய கை கால் வீங்கி, நீரெல்லாம் அங்கே போய்த் தேங்கியது. தசையிலிருந்து வெளிவந்த மயோகுளோபின் என்ற புரதம் யூரினைப் பழுப்பாக்கிக் குழல்களை அடைத்தது. ஒரு வாரத்துக்குள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். அதனால்தான் இன்று கட்டட விபத்துகளிலும் நிலநடுக்கத்திலும், ஆளை வெளியே இழுக்கும் முன்பே சலைன் ஏற்ற முயல்கிறார்கள்.

எந்த டிரிப்ஸ் நல்லது? “குளுக்கோஸ்” ஏற்றினால் போதாதா?

போதாது. 5 சதவீத குளுக்கோஸ் ஒரு லிட்டர் ஏற்றினால் ரத்தக் குழாய்க்குள் தங்குவது 100 மி.லி.க்கும் குறைவு. மிச்சத்தில் பெரும்பகுதி செல்களுக்குள் போய்விடும். நார்மல் சலைனோ ரிங்கர் லாக்டேட்டோ கால் பங்கு தங்கும். சலைனில் குளோரைடு ரத்தத்தைவிட மிக அதிகம், லிட்டருக்கு 154. நிறைய ஏற்ற வேண்டியிருந்தால் ரிங்கர் லாக்டேட் போன்ற சமநிலைத் திரவத்தைப் பலர் விரும்புவது அதனால். கிருமித் தொற்று முற்றிய நிலையான செப்சிஸில் ஸ்டார்ச் திரவங்கள் டயாலிசிஸ் தேவையைக் கூட்டுவதாக 2012-ல் வந்த ஆய்வுகள் காட்டின. ரத்தம் போனவருக்கு ரத்தம்தான் வேண்டும், கசியும் இடத்தையும் அடைக்க வேண்டும்.

வயிற்றுப்போக்குக்கு வீட்டில் என்ன கொடுப்பது?

ஓஆர்எஸ். பாக்கெட்டில் சொன்ன அளவுத் தண்ணீரில் முழுப் பாக்கெட்டையும் கரைத்து, வாய்வாயாக. 1971 வங்கதேசப் போரின்போது எல்லையிலிருந்த பன்காவ் அகதி முகாமில் காலரா பரவியது. டிரிப்ஸ் தீர்ந்துபோன நிலையில் டாக்டர் திலீப் மஹலனபிஸ் உப்பும் குளுக்கோஸும் கலந்த நீரை டிரம்களில் கரைத்துக் கொடுத்தார். 30 சதவீதம் வரை இருந்த இறப்பு 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. குடலில் குளுக்கோஸ் உள்ளே போகும்போது உப்பையும் கையைப் பிடித்துக் கூட்டிப் போகிறது, பின்னாலேயே தண்ணீர். சர்க்கரை நோயாளிகளும் இந்தச் சமயத்தில் தயங்காமல் குடிக்கலாம்.

இளநீர்?

லேசான நீர்க்குறைவுக்குச் சரி. ஆனால் அதில் சோடியம் குறைவு, பொட்டாசியம் அதிகம். யூரின் சரியாகப் போகாதவருக்குப் பொட்டாசியம் ஏறினால் இதயத்துடிப்பே தடுமாறும். ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவருக்குப் பாசத்தில் வாங்கிக்கொண்டு போகும் முன் சிஸ்டரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

டயாலிசிஸ் என்று சொல்லிவிட்டார்கள். இனி வாழ்நாள் முழுக்கவா?

அவசியமில்லை. குழல் செல்களுக்கு மறுபடி வளரும் சக்தி உண்டு. பலருக்கு ஒன்று முதல் மூன்று வாரங்களில் யூரின் திரும்பும். சிலருக்குத் திரும்பும்போது அளவுக்கு மீறிக் கொட்டும். வடிகட்டிய நீரைத் திரும்ப இழுக்கப் புதுச் செல்கள் இன்னும் பழகவில்லை என்பதால் நாளைக்கு 3, 4 லிட்டர்கூடப் போகும். “நன்றாகப் போகிறதே” என்று விட்டுவிட்டால் மறுபடி நீர்க்குறைவு, பொட்டாசியம் குறைவு. அந்த நாட்களிலும் வரவு செலவுக் கணக்கு எழுதியாக வேண்டும்.

வீட்டுக்கு வந்த பிறகு கிரியேட்டினின், யூரினில் புரதம், பிரஷர் மூன்றையும் மூன்றாம் மாதம் பார்த்துவிடுங்கள். ஒருமுறை இப்படி அடிபட்ட சிறுநீரகத்துக்குப் பின்னாளில் நாள்பட்ட நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். டிஸ்சார்ஜ் சம்மரியை எப்போதும் கையில் வைத்திருங்கள். அடுத்த முறை யாராவது வலிக்கு ஊசி எழுதும்போது அதைத்தான் முதலில் நீட்ட வேண்டும்.